பதினேழாவது படி

என் வீட்டு கராஜில் ஐந்து அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே எங்கள் தமிழ்ச் சங்கக் கட்டடத்தின் திறப்பு விழா மலர், நானூறு பிரதிகள். ஒன்றுகூட யார் கைக்கும் போகவில்லை. பதினொன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு விநியோகிக்கலாம் என்று கமிட்டியில் முடிவெடுத்திருக்கிறார்கள். கிழிப்பதற்கு ஆள் தேடுகிறார்கள். நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கத்தை எழுதியவள் நான்தான். கட்டடத்தை வடிவமைத்த இத்தாலிய நிறுவனத்தைப் பற்றி ஒரு பக்கம். அங்கே வேலை செய்யும் நம் ஆள் நஞ்சுண்டனைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி. எண்ணி இரண்டே வரி. இப்போது அவரைப் பற்றி முழுசாக எழுதுகிறேன். நிறுவனத்தைப் பற்றியும் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் தடவை நான் எழுதியது எனக்கே உறைக்கவில்லை.

நஞ்சுண்டனுக்கு ஐம்பத்து மூன்று வயது. சத்தியமங்கலத்துக்காரர். கோயம்புத்தூரில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு 2003இல் நியூ ஜெர்சி வந்தார். வந்து எட்டு வருடம் அவர் வரைந்ததெல்லாம் பெட்ரோல் பங்க் கழிப்பறைகளும் சாலையோரக் கடைவரிசைகளின் பார்க்கிங் கோடுகளும்தான். இந்த நாட்டில் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு வரிசையாகப் பரீட்சைகள். ஒவ்வொன்றிலும் அவர் குறைந்தது ஒரு தடவை கோட்டை விட்டார். எங்கள் பிள்ளைகள் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிளெய்ன்ஸ்பரோ நூலகத்தில் உட்கார்ந்து படித்த காலத்தில், அவரும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். 'அங்கிள் எந்த காலேஜ் அப்ளை பண்றீங்க' என்று பிள்ளைகள் கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே பென்சில் சீவுவார்.

நாற்பத்தொன்பதாவது வயதில் பாஸ் செய்தார். அவர் மனைவி சாரதா தான் வேலை பார்க்கும் மருந்து கம்பெனிக்கு ஒரு பெரிய டிரே நிறைய கேசரி கொண்டுபோனதாகச் சொன்னாள். லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பூஜை அறையில் இல்லை, ஆனால் அதற்கு நேர் எதிர்ச் சுவரில்.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்கிற சொல் அவர் வாயில் வராது. எங்கள் வீட்டில் ஒரு தடவை, போதும் என்று சொல்லக் கூச்சப்பட்டு எட்டு இட்லி சாப்பிட்டார். எட்டாவதைப் போட்டவள் நான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

ஸ்டூடியோ தர்விசானி என்பது அந்த நிறுவனத்தின் பெயர். இத்தாலியில் பெர்கமோ என்ற ஊரில் இருக்கிறது. புதுசாக வானளாவக் கட்டுகிறவர்கள் அல்லர். பழைய மில், பழைய பள்ளிக்கூடம், மூடிப்போன தொழிற்சாலை என்று எடுத்து, இடிக்காமல் வேறொன்றாக மாற்றிக் கொடுப்பவர்கள். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில், இரண்டே அறையில் அவர்களுக்கு ஓர் அமெரிக்கக் கிளை. நஞ்சுண்டன் அதில் சேர்ந்து பதின்மூன்று வருடமாகிறது. லைசென்ஸ் வந்த பிறகு இந்த மாநிலத்தில் அவர்கள் போடும் எல்லா வரைபடத்துக்கும் அவர் முத்திரைதான்.

நிறுவனம் தொடங்கிய கதை இது. இப்போது அதை நடத்தும் லிடியா தர்விசானியின் அப்பா கொத்தனார். ஊரில் ஒரு பள்ளிக்கூட மாடிப்படியில் பிள்ளைகள் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தார்கள். கல்லைத் தேய்த்தார்கள், விளக்குப் போட்டார்கள், பிள்ளைகளை அடித்தும் பார்த்தார்கள். விழுவது நிற்கவில்லை. கடைசியில் அந்தக் கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு படியேறினார். ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரல் உயரம் குறைவு. கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்தது. அந்தப் படியைச் சரிசெய்ததுதான் அவர்களுடைய முதல் வேலை. சுண்ணாம்பு மூட்டை அடுக்கிய கொட்டகையில் இரண்டு மேஜை போட்டு அப்பாவும் மகளும் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டடமானாலும், கதவு திறப்பதற்கு முன்னால் படியை வரைந்தவர் கண்ணை மூடிக்கொண்டு அதில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும்.

இந்தக் கதையை நஞ்சுண்டன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பதினொன்றாம் பக்கத்தில் இது அப்படியே அச்சாகியிருக்கிறது. எழுதிய அதே மாதத்தில்தான் எங்கள் படியைப் பற்றி ஒரு மின்னஞ்சலையும் அவருக்கு அனுப்பினேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு பழைய பட்டன் தொழிற்சாலையைச் சங்கம் வாங்கியிருந்தது. கீழே வகுப்பறைகள், மேலே விழா மண்டபம். இவ்வளவு சின்ன வேலையை லிடியா எடுத்துக்கொண்டது நஞ்சுண்டனுக்காக. பாதி வேலை முடிந்து, இரும்புப் படிக்கட்டு வந்து பொருத்தி, அதன்மேல் கல் பதிக்க வேண்டிய நேரத்தில் கமிட்டி பார்வையிடப் போனோம். எங்கள் தலைவர் ராமசுப்ரமணியன் அங்கிள் முதலில் ஏறினார். 'லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்' என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார். நம் ஊரில் வீடு கட்டும் எவரும் செய்கிற காரியம்தான்: முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம், கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். பதினாறாவது படியில் அங்கிள் நின்றார். நஷ்டம்.

நான் புள்ளியியல் படித்தவள், மருந்து பரிசோதனைகளில் எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள். ஆனாலும் நானும் அடியிலிருந்து மறுபடி எண்ணிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

அன்றைக்குச் சாயந்திரம் செயலாளர் என்ற முறையில் நஞ்சுண்டனுக்கு எழுதினேன். படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது உறுப்பினர்களின் உணர்வு, ஆவன செய்யவும் என்று எழுதினேன். 'ஆவன செய்யவும்' என்று எழுதினால் எழுதியவருக்கு ஒரு பொறுப்பும் கிடையாது.

முடியாது என்றுதான் முதலில் பதில் போட்டார். அவர் வாழ்க்கையில் முதல் முடியாது அதுவாக இருக்கலாம். ஒவ்வொரு படியும் ஆறே முக்கால் அங்குலம், படிக்கும் படிக்கும் நடுவே ஒரு பென்சில் தடிமனுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பது சட்டம், இரும்பு வந்து பொருத்தியாகிவிட்டது என்று விளக்கியிருந்தார். பிறகு அங்கிள் மூன்று தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை நானும் கூட இருந்தேன். 'இத்தாலிக்காரனுக்குப் புரியாதுப்பா. உனக்குமா புரியாது? நீ நம்ம மனுஷனோன்னோ?' என்றார். பிறகு, 'பண்ணிப்போடலாமுங்க' என்றார் நஞ்சுண்டன்.

அவர் செய்தது இது. மேலே, படி முடிகிற இடத்தில், மண்டப வாசலுக்கு முன்னால் நாலு அங்குல உயரத்தில் கல் மேடை ஒன்று போடச் சொன்னார். லிஃப்ட் பக்கமும் வாசல் பக்கமும் சாய்வாகக் கொண்டுபோய்த் தரையோடு சமன் செய்தார்; அதற்கு மேல் உயர்த்தினால் சாய்வுக்கு இடம் போதாது. ஏறுகிறவர்களுக்கு அது பதினேழாவது படி. முத்திரை போட்ட வரைபடத்தில் அது இல்லவே இல்லை. பெர்கமோவுக்கும் தெரியாது. கல் பதிக்கும் மேஸ்திரி மனுவேலிடம் ஓர் ஒட்டுப்பலகைத் துண்டில் பென்சிலால் வரைந்து கொடுத்தார். மனுவேல் போர்த்துகலில் பிறந்தவர். நாற்பது வருடமாகக் கல் பதிக்கிறார். இது சரியில்லையே என்று ஒரு முறை கேட்டாராம். போடு என்றாராம் நஞ்சுண்டன். டவுன்ஷிப்பின் கட்டட இன்ஸ்பெக்டர் மழைநாளில் வந்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். லிடியா பெர்கமோவிலிருந்து வீடியோவில் பார்த்தார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். பதினாறு படி ஏறி, பதினேழாவதில் காலைக் கொஞ்சமாகத் தூக்கி அழகாக வைத்தார். இறங்கும்போதும் அப்படியே. ஒரு தடுமாற்றம் இல்லை. லிடியா கை தட்டினார். நாங்களும் தட்டினோம். எந்தப் படி குட்டை என்று தெரிந்த கால் எப்படித் தடுக்கும்? அந்தக் கேள்வி அந்த இடத்தில் இருந்த ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை திறப்பு விழா. குத்துவிளக்கு, நாதஸ்வரம் ஸ்பீக்கரில், கீழே சாப்பாடு. ராமசுப்ரமணியன் அங்கிளின் மனைவி பர்வதம் ஆன்ட்டிக்கு எழுபத்திரண்டு வயது. பந்தியைப் பார்க்கிறேன் என்று மேலிருந்து இறங்கினார். முதல் இறக்கம் நாலு அங்குலம். அடுத்ததும் அவ்வளவுதான் இருக்கும் என்று கால் நம்பியது. அங்கே தரை இல்லை.

பதினாறு படியும் உருண்டார். நாதஸ்வரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. விழா அதோடு நின்றது, மலர்ப் பெட்டிகளை யாரும் பிரிக்கவில்லை. ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் மறுவாழ்வு மையத்தில் கிடந்தார். இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். வீட்டில் கீழேயே படுக்கை போட்டிருக்கிறார்கள்.

காப்பீட்டு நிறுவனத்து ஆள் வந்து அளந்தார். வரைபடத்தில் பதினாறு படி, இடத்தில் பதினேழு. கடைசிப் படி குட்டை. யார் போட்ட கல்? மனுவேல். வரைபடத்தை மீறிக் கல்லைத் தப்பாகப் பதித்தது மேஸ்திரி என்று எழுதிக்கொண்டு போனார். மனுவேலைக் கான்ட்ராக்டர் வேலையிலிருந்து நிறுத்தினார். வேறு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அந்த ஒட்டுப்பலகை குப்பை லாரியோடு எப்போதோ போய்விட்டிருந்தது.

மனுவேலைத் தவிர உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்: நஞ்சுண்டன், அங்கிள், நான். அங்கிள், 'அந்த மேஸ்திரியைச் சும்மா விடப்படாது' என்று கமிட்டியில் மேஜையைத் தட்டினார். மனைவியைத் தானே தள்ளிவிட்டதாக ஒரு மனிதனால் எப்படி நினைத்துக்கொள்ள முடியும்? மேஸ்திரியை நினைப்பது சுலபம். நான் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

நஞ்சுண்டன் அந்த இரண்டு மாதமும் எப்படி இருந்தார் என்று சாரதா சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் மறுவாழ்வு மையத்துக்குப் போய் பர்வதம் ஆன்ட்டிக்குப் பழம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாராம். வீட்டில் லைசென்ஸ் மாட்டிய சுவருக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாராம். வாயைத் திறந்தால் லைசென்ஸ் போகும். திறக்காவிட்டால் மனுவேலின் பிழைப்பு போகும். இதில் எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை என்று இன்று எழுதிவிடலாம். அன்று நானே வாயைத் திறக்கவில்லை.

மார்ச் மாதம் லிடியா நேரில் வந்தார். எழுபத்தொரு வயது, குட்டையான உருவம், ரப்பர் அடிவைத்த காலணி. மனுவேல், காப்பீட்டு ஆள், அங்கிள், நான், நஞ்சுண்டன் எல்லோரையும் படியடியில் நிற்கச் சொன்னார். கழுத்துச் சால்வையை அவிழ்த்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார். அப்பா ஏறிய மாதிரி ஏறினார். பதினாறு படி ஒரே தாளம். பதினேழாவதுக்குத் தூக்கிய கால், எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே கல்லில் தொப்பென்று இடித்தது. திரும்பி, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டாவது இறக்கத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. சால்வையை அவிழ்க்காமலேயே அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு, இதை வரைந்தது யார் என்று கேட்டார்.

காப்பீட்டு ஆள் மனுவேலைப் பார்த்தார். மனுவேல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பலகையில் வரைந்து கொடுத்தார்கள், பலகை இப்போது இல்லை என்று மட்டும் சொன்னார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று நினைத்திருப்பார்.

நஞ்சுண்டன் முன்னால் போனார். நான்தான் வரைந்தேன், மனுவேல் தப்பு என்று சொன்னார், போடச் சொன்னது நான், என்றார். குரல் உயரவில்லை. காப்பீட்டு ஆள் பேனாவைத் திறந்தார். லிடியா சால்வையை அவிழ்த்து அவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: இப்படிப் போடச் சொல்லி உன்னிடம் யாராவது கேட்டார்களா?

எனக்கும் நஞ்சுண்டனுக்கும் நடுவே ஆறடி. அங்கிள் என் பக்கத்தில் நின்றார், அவர் மூச்சு எனக்குக் கேட்டது. நஞ்சுண்டன் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கே அழகாக இருக்கும் என்று தோன்றியது, என்றார்.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான். அதில் நான் செய்ததென்று ஒன்றுமில்லை, நின்றேன், அவ்வளவே.

மறுவாரமே அந்தக் கல் மேடையைப் பெயர்த்து எடுத்தார்கள். எடுத்தது மனுவேல். லிடியா அவரைத் தேடிப்போய்ப் பேசிக் கூட்டிவந்திருந்தார். நஞ்சுண்டனை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் நடந்ததை லைசென்ஸ் கொடுக்கும் மாநில போர்டுக்கு நஞ்சுண்டனே எழுத வேண்டியிருந்தது. விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறது, வருகிற மாதம் பன்னிரண்டு. தற்காலிகமாக நிறுத்தலாம், ஒரேயடியாகப் பறிக்கவும் செய்யலாம். அதுவரை அவர் முத்திரை போடக்கூடாது. கமிட்டியில் அவர் பெயர் வரும் பக்கத்தைக் கிழிக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு கை குறையாமல் நிறைவேறியது. என் கையும் உயர்ந்திருந்தது.

அந்த வாரம் பர்வதம் ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு வலியைப் பற்றிச் சொல்லவில்லை. 'பதினேழு படி, அதிர்ஷ்டமா அமைஞ்சுதுன்னு மாமா எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தார். நானும் எண்ணிண்டேதான் இறங்கினேன் ப்ரியா. லாபம்னேன், நஷ்டம்னு சொல்லி முடிக்கலை' என்றார். சொல்லிவிட்டுச் சின்னதாகச் சிரித்தார். அங்கிள் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராக நஞ்சுண்டன் வீட்டுக்குப் போனேன். சாரதா கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. சரிதான். நஞ்சுண்டன் வந்தார். என் மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். இதைப் போர்டுக்கு அனுப்பப் போகிறேன், நாங்கள் நெருக்கியதால்தான் செய்தீர்கள் என்று சொல்லப் போகிறேன் என்றேன். இதைச் சொன்னால் என் மனசு லேசாகும் என்று நினைத்துப் போயிருந்தேன். அவருக்காகப் போனதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தாளை வாங்கி முழுதும் படித்தார். நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

'அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா என்னையக் காப்பாத்தறதுக்குன்னு அனுப்பாதீங்க' என்றார். 'கேக்கறவங்க கேக்கத்தானுங்க செய்வாங்க. முடியாதுன்னு சொல்றதுக்குத்தானுங்க அந்த லைசென்ஸையே குடுக்கறாங்க.'

நான் சுவரைப் பார்த்தேன். பூஜை அறைக்கு எதிரே ஆணி மட்டும் இருந்தது.

மறுநாள் அதைப் போர்டுக்கு அனுப்பினேன். அவரைக் காப்பாற்றுங்கள் என்று எழுதவில்லை. கேட்டவள் நான், அன்று படியடியில் பக்கத்திலேயே இருந்தும் பேசாமல் நின்றேன் என்று எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போட்டேன்: சண்முகப்ரியா, செயலாளர். அங்கிள் என்னிடம் பேசுவதில்லை. கிழிக்கும் ஆள் இன்னும் கிடைக்கவில்லை, பெட்டிகள் கராஜிலேயே இருக்கின்றன. போன ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் போனபோது அந்தப் படியில் ஏறினேன். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். பதினாறில் முடிந்த பிறகும் என் கால் இன்னொரு படிக்காக உயர்ந்தது.